எனக்கு எதுதான் முக்கியம்? – வாசகர் கேள்வி பதில்

விழுமியங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். யார் கேட்டது என்று தெரியாதபடி பெயர், ஊர் விவரங்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: விழுமியம், விழுமியம் என்கிறார்களே, லட்சியத்துக்குத்தான் இப்படி வேறு பெயரா? இல்லை, ஒழுக்கத்தைச் சொல்கிறார்களா?

பதில்: இரண்டும் இல்லை. லட்சியத்துக்கு ஒரு முடிவு உண்டு. பட்டம் வாங்கியாயிற்று, கடனை அடைத்தாயிற்று என்று ஒருநாள் சொல்லிவிடலாம். விழுமியத்துக்கு அந்த 'ஆயிற்று' கிடையாது. கற்றுக்கொண்டே இருப்பது ஒருவருக்கு முக்கியம் என்றால், பட்டம் கைக்கு வந்த மறுநாளும் அது முக்கியம்தான். உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் வகுத்த சிகிச்சை முறையில் விழுமியத்தைத் திசை என்பார்கள். மேற்கே எவ்வளவு தூரம் நடந்தாலும் 'மேற்கு வந்துவிட்டது' என்று உட்கார முடியாதல்லவா?

ஒழுக்கம் எல்லோருக்கும் பொது. திருடக் கூடாது என்பதில் ஆளுக்கு ஆள் பேச்சில்லை. நல்லவை பத்து இருக்க, அவற்றில் நீங்கள் எதற்கு அதிக எடை கொடுக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் விழுமியம். ஒருவருக்குத் துணிவு, இன்னொருவருக்கு இரக்கம். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் நாள் ஒரே மாதிரி கழியாது.

பட்டியல் போடச் சொன்னால் பலர் முதலில் எழுதுவது 'நிம்மதி'. அது ஓர் உணர்வு. வரும், போகும். அதைக் கையால் செய்ய முடியாது. 'நிம்மதி கிடைத்துவிட்டால் நான் என்ன செய்துகொண்டிருப்பேன்?' என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்குள் விழுமியம் இருக்கும். 'எல்லோரும் என்னை மதிக்க வேண்டும்' என்பதும் அப்படித்தான், அது மற்றவர் கையில் இருக்கிறது. 'நான் யாரிடமும் மரியாதையாக நடப்பேன்' என்று திருப்பிப்போட்டால் உங்கள் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: சரி, என்னுடைய விழுமியங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பொதுவாகச் சொல்லாமல், வீட்டில் உட்கார்ந்து செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்: இதற்குச் சீட்டு முறைதான் எளிது. 1973-ல் உளவியலாளர் மில்டன் ரோக்கீச் வெளியிட்ட முறையில் இரண்டு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 18 விழுமியங்கள். அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். 2001-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் சகாக்களும் தயாரித்த சீட்டுக்கட்டில் 83 சீட்டுகள். வீட்டில் செய்ய 50 போதும்.

வெற்றுத் தாளை 50 துண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், அதற்குக் கீழே ஒரு வரி விளக்கம். விளக்கத்தைத் தவறவிடாதீர்கள். 'சுதந்திரம்' என்று மட்டும் எழுதினால், சொந்தமாக முடிவெடுப்பதா, யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதா என்பது உங்களுக்கே தெரியாது. நேர்மை, நட்பு, துணிவு, நீதி, பாதுகாப்பு, படைப்பு, தனிமை, ஒழுங்கு, பக்தி, சாகசம், இரக்கம், உடல்நலம், அழகு, சிரிப்பு, கற்றல் என்று போகலாம். கூடவே பணம், செல்வாக்கு, புகழ், சௌகரியம் ஆகியவையும் கட்டாயம் இருக்கட்டும். கேட்க நன்றாக இருக்கும் சொற்களை மட்டும் எழுதினால், சீட்டைப் பிரிக்கும் முன்பே நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டீர்கள் என்று அர்த்தம். ஐந்து சீட்டு வெறுமையாக இருக்கட்டும். பாதியில் ஏதாவது நினைவுக்கு வரும்.

இப்போது மூன்று குவியல்: மிக முக்கியம், முக்கியம், எனக்கு அவ்வளவு இல்லை. ஒரு சீட்டுக்கு 5 விநாடிக்கு மேல் யோசிக்க வேண்டாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: மூன்றாவது குவியலில் குறைந்தது 15 சீட்டு விழ வேண்டும். இதை வைக்காவிட்டால் முக்கால்வாசிச் சீட்டு முதல் குவியலில் போய்ச் சேரும். எல்லாமே முக்கியம் என்றால் எதுவும் தெரியவரவில்லை என்றுதான் பொருள். பிறகு முதல் குவியலைப் பத்தாகக் குறையுங்கள். பத்தை ஐந்தாக்குங்கள்.

இதுவரை வேகமாகச் செய்தது சரி. பத்து ஐந்தாகும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கடைசி ஐந்து நின்றதும், இரண்டு இரண்டாக எடுத்து எதிரெதிரே வையுங்கள். ஐந்து சீட்டுக்குப் பத்து ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் 'இன்று மாலை ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எதற்குக் கொடுப்பேன்?' என்று கேட்டு, ஜெயித்த சீட்டில் ஒரு கோடு போடுங்கள். பத்துக் கோடுகளும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதே உங்கள் வரிசை.

சில ஜோடிகள் கையைச் சுடும். ஒரு கையில் 'நேர்மை', மறு கையில் 'பிறர் மனம் நோகாமை' என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் தான் எழுதிய கதையைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்கிறார். சுமாராகத்தான் இருக்கிறது. உங்கள் வாயில் முதலில் வருவது எது? 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு இரவு படுக்கும்போது உறுத்துமா, உள்ளதைச் சொல்லிவிட்டு அவர் முகம் வாடியது உறுத்துமா? எந்த உறுத்தல் அதிக நேரம் தங்குகிறதோ, அதில் நீங்கள் மீறிய சீட்டுதான் உங்களுக்குக் கனமானது. வெறும் சொல்லைப் பார்த்து முடிவு செய்ய முடியாத இடத்தில், இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்தால் பதில் வந்துவிடும்.

வரிசை வந்ததும் சரிபார்க்க வேண்டும். கடந்த 14 நாள் கணக்கை எடுங்கள்: நாட்காட்டி, கைபேசியில் யாரிடம் எவ்வளவு பேசினீர்கள், பணம் எங்கே போயிற்று. ஐந்து விழுமியங்களுக்கும் எதிரே, அதற்காகச் செய்த ஒரு காரியத்தைத் தேதியோடு எழுதுங்கள். எதிரே எழுத ஒன்றுமே இல்லாத விழுமியத்தை உடனே அடித்துவிடாதீர்கள். அது மேலுக்கு ஆசைப்பட்ட சொல்லாகவும் இருக்கலாம், நிஜமாகவே முக்கியமானது ஏதோ தடையால் நின்றுபோனதாகவும் இருக்கலாம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கையில் வலித்தால் இரண்டாவது. வலிக்கவில்லை என்றால் முதலாவது.

இந்தப் பயிற்சி கெடுவது பெரும்பாலும் நேரத்தால். களைத்துப்போன இரவில் செய்தால் 'சௌகரியம்' மேலே ஏறும். சண்டை போட்ட அன்று செய்தால் எல்லாம் 'மரியாதை'யில் முடியும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்த்தால், அவருக்குப் பிடித்ததை எழுதுவீர்கள். காலையில், தனியாக, 45 நிமிடம். பத்து நாள் கழித்துப் பழைய வரிசையைப் பார்க்காமல் இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டிலும் வந்ததை நம்பலாம்.

கேள்வி: நான் போட்ட பட்டியலைப் பார்த்தால் அப்படியே என் அப்பா எழுதியது போல இருக்கிறது. இது என்னுடையதா, அவருடையதா?

பதில்: அப்பாவிடமிருந்து வந்தது என்பதாலேயே அது உங்களுடையது இல்லை என்று ஆகாது. எல்லோருக்குமே விழுமியங்கள் யாரிடமிருந்தோ வந்தவைதான். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதர்களை உந்துவது எது என்று ஆராய்ந்து இதில் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினார்கள். ஒரு விழுமியத்தை விழுங்கியும் வைத்திருக்கலாம், செரித்தும் வைத்திருக்கலாம். விழுங்கியதாக மட்டும் இருந்தால் நம்மை நடத்துவது குற்ற உணர்வும் வெட்கமும். செரித்திருந்தால் கஷ்டப்பட்டாலும் மனசு ஒப்பிச் செய்வோம்.

எது எது என்று தெரிய இரண்டு சோதனை. இதை நான் செய்தது யாருக்கும், அப்பாவுக்கும்கூட, கடைசிவரை தெரியப்போவதில்லை என்றால் செய்வேனா? அடுத்து, ஒருநாள் செய்யத் தவறியபோது உள்ளே எழுந்தது 'ஐயோ, என்ன நினைப்பார்கள்' என்ற பதற்றமா, 'அடடா, செய்திருக்கலாமே' என்ற வருத்தமா? பதற்றம் என்றால் இன்னும் செரிக்கவில்லை.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அப்பா இருக்கிறார் என்றால், 'இதை நீங்கள் ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடித்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'சிக்கனம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பஞ்ச காலம் இருக்கும், அல்லது பட்ட கடன் இருக்கும். காரணம் தெரிந்த பிறகு அது உங்களுக்கும் பொருந்துகிறதா என்று நீங்களே முடிவு செய்யலாம். இல்லாவிட்டால் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவோம், அல்லது எரிச்சலில் நேர் எதிராக நடப்போம். எதிராக நடப்பதும் அவர் போட்ட கோட்டைப் பார்த்து நடப்பதுதான்.

கேள்வி: எனக்கு முதலிடம் குடும்பம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தாமதமாக வருகிறேன், வந்ததும் கைபேசியை எடுக்கிறேன், பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன். அப்படியானால் என் விழுமியம் பொய்யா?

பதில்: பொய் இல்லை. விழுமியம் மனத்தில் இருப்பது மட்டும் போதாது, அதற்கு நேரமும் இடமும் வேண்டும். இதைப் பளிச்சென்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-ல் வெளியிட்டது. சமய குருவாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைச் சிறு உரையாற்ற இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றித்தான் சிலர் பேசவேண்டும். போகிற வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு இருமிக்கொண்டிருந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவ முன்வந்தார்கள். 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். அந்த மாணவர்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அவசரம் அதை மறைத்துவிட்டது. உங்களுக்கும் அதுதான் நடக்கிறது.

ஆகவே மனத்தைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு மாலையைத் திருத்துங்கள். முதலில் 'குடும்பம்' என்ற பெயர்ச்சொல்லை வினையாக்குங்கள். குடும்பம் என்றால் சம்பாதித்துப் போடுவதும் அடங்கும், அதனால்தான் அலுவலகத்தில் கூடுதலாக உட்காரும்போதும் 'குடும்பத்துக்காகத்தானே' என்று மனம் சொல்கிறது. 'பிள்ளை பேசும்போது வேறு எதையும் செய்யாமல் கேட்பது' என்று எழுதினால் அந்தச் சமாதானம் செல்லாது. அடுத்து அளவு: 10 நிமிடம். ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள், பத்து நிமிடத்தைக் களைத்த நாளிலும் செய்யலாம்.

பிறகு அதை ஏதாவது ஒரு நேரத்தோடு முடிச்சுப் போடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் 1999-ல் விளக்கிய முறை இது: 'இது நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. 'கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கைபேசியை இழுப்பறையில் போட்டுவிட்டு, பிள்ளை இருக்கும் அறைக்குப் போய்த் தரையில் உட்காருவேன்.' எங்கே, எப்போது, கை என்ன செய்யும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. தடைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: 'அந்த நேரத்தில் அலுவலக அழைப்பு வந்தால், 15 நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைப்பேன்.' இந்த இரண்டாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எடுத்த முடிவும் அங்கேதான் உடைகிறது.

'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்று எழுதாதீர்கள். கல்லும்கூடக் கோபப்படுவதில்லை. செய்யாமல் இருப்பதை யாராலும் பழக முடியாது. கோபம் வரும் நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரு கணக்கு. கெல்லி வில்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் உருவாக்கிய வினாத்தாளில் வாழ்க்கையைப் பத்துத் துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், கடந்த வாரம் அதன்படி எவ்வளவு நடந்தேன் என்று இரண்டு மதிப்பெண் போடச் சொல்வார்கள், 1 முதல் 10 வரை. பிள்ளை வளர்ப்பு: முக்கியம் 10, நடந்தது 4. வேலை: முக்கியம் 6, நடந்தது 9. உடல்நலம்: 8, 5. முதல் எண் பெரிதாக இருக்கும் துறையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் வேலைக்கு எதிரே இருக்கும் எண்களைப் பாருங்கள். அங்கே இரண்டாவது எண் பெரிது. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய நேரம் எங்கே போகிறது என்று அந்த மூன்று புள்ளி சொல்கிறது. எந்தச் சந்திப்புக்கு வராமல் இருக்கலாம், எந்த வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளலாம் என்று அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு துறை மட்டும். நாலு வாரம் ஆனபின் அடுத்தது.

கேள்வி: வேறு ஊரில் பெரிய பதவி வந்திருக்கிறது. வயதான அம்மாவை விட்டுப் போக வேண்டும். என் விழுமியங்களை எழுதிப் பார்த்தேன், 'வளர்ச்சி'யும் 'அன்பு'ம் சமமாக நிற்கின்றன. தப்பாகச் செய்துவிட்டேனா?

பதில்: சரியாகச் செய்திருக்கிறீர்கள். உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் 20 நாடுகளின் தரவை வைத்து, பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டத்தில் நிறுத்திக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை சேர்ந்து நடக்கும், எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று இழுக்கும். சாதனைக்கும் அதிகாரத்துக்கும் எதிரே நெருங்கியவர் நலமும் அனைவர் நலமும். தன் வழியைத் தானே தேர்வதற்கும் புதுமைக்கும் எதிரே பாதுகாப்பும் மரபும். ஆகவே உங்களுக்குள் இருக்கும் இழுபறி மனிதருக்கு இயல்பாகவே உள்ளது.

'அம்மாவா, பதவியா' என்று எழுதாதீர்கள். அந்தப் பதவி எதைக் கொடுக்கிறது என்று பிரித்து எழுதுங்கள். புதிய வேலை கற்பதா, சம்பளமா, நாலு பேருக்கு வழிகாட்டுவதா? இருக்கும் இடத்திலேயே கிடைக்கக்கூடியவற்றை அடியுங்கள். அதேபோல் அம்மாவின் பக்கமும். அவருக்கு வேண்டியது உடம்புக்கு உதவியா, பேச்சுத் துணையா, நீங்கள் முடிவெடுத்துக் கொடுப்பதா? இதை ஊகிக்காமல் அவரிடமே கேளுங்கள். இத்தனையும் எழுதிய பிறகு மிஞ்சி நிற்கும் மோதல் நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், விட்டுக்கொடுத்த பக்கத்துக்கு ஓர் ஈடு செய்யுங்கள். போவதென்றால், அம்மாவோடு இருக்கும் நாள்களை, வேலையில் சேரும் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இருப்பதென்றால், வளர்ச்சிக்கு இங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தேதி குறித்து, அன்று மறுபடி பாருங்கள். அதற்கு முன் தினமும் தோண்டிப் பார்க்க வேண்டாம். முடிவெடுத்த பிறகும் மனசு வலிக்கும். இரண்டும் உங்களுக்கு நிஜமாகவே முக்கியம் என்பதால் வரும் வலி அது. முடிவு தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பணம் முக்கியம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தவறா?

பதில்: தவறில்லை. மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டுப் பணம் தலைமேல் உட்காரும்போதுதான் தொல்லை. டிம் காசரும் ரிச்சர்ட் ரயனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பண வெற்றியை மற்ற ஆசைகளைவிட நடுநாயகமாக வைத்தவர்களிடம் மன நலன் குறைவாகக் காணப்பட்டது. 'பணம் எதற்கு?' என்று மூன்று தடவை கேளுங்கள். கடைசியில் வரும் பதிலைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் தனித்தனியாகப் பட்டியல் போட்டோம். இருவருக்கும் 'பாதுகாப்பு' முதலிடம். ஆனால் அதை வைத்துத்தான் ஓயாமல் சண்டை!

பதில்: சொல் ஒன்று, பொருள் இரண்டு. உங்களுக்குப் பாதுகாப்பு என்றால் வங்கியில் சேமிப்பாக இருக்கலாம். அவருக்கு, கூப்பிட்ட நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருப்பதாக இருக்கலாம். நீங்கள் கூடுதல் நேரம் உழைத்துச் சேர்க்கச் சேர்க்க அவருடைய பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். இருவருமே உயிரைக் கொடுத்துப் பாடுபட்டும், இருவருக்குமே கிடைக்காது.

சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளுக்கு மூன்று வாக்கியம் எழுதுங்கள்: 'நான் பாதுகாப்பாக உணர்ந்த நாள் எது, அன்று என்ன நடந்தது?' தாளை மாற்றிக்கொண்டு, பதில் பேசாமல் படியுங்கள். அவர் எழுதியதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, 'இதுதானே?' என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்ற பிறகே உங்கள் முறை. 'உன் விழுமியம் இதுதான்' என்று இன்னொருவருக்காக எழுதிக் கொடுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: 50 சீட்டும் மூன்றாவது குவியலில்தான் விழுந்தன. எதுவுமே எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை.

பதில்: பயிற்சியை நிறுத்திவிடுங்கள், உங்கள் மேல் பிழை இல்லை. முன்பு பிடித்தவற்றில்கூட நாட்டம் போய், அநேகமாகத் தினமும், இரண்டு வாரமாக அப்படியே இருந்தால், கூடவே தூக்கமோ பசியோ மாறியிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் இன்றே, யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள். மனச்சோர்வில் பசி அடங்கிவிடுவது போலத்தான் நாட்டமும் அடங்கிவிடுகிறது. குணமாகும்போது திரும்ப வரும். சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போது பார்க்கலாம்.

கேள்வி: நாற்பது வருடம் ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. என் விழுமியமே போய்விட்டது போல இருக்கிறது. இந்த வயதில் புதிதாகத் தேட வேண்டுமா, ஐயா?

பதில்: தேட வேண்டாம் அம்மா. வண்டிதான் நின்றது, பயணி அப்படியே இருக்கிறார். நாற்பது வருடம் ஒரே வண்டியில் போனதால் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது.

ஆசிரியர் வேலையில் உங்களுக்கு உயிராக இருந்தது எது என்று பிரித்துப் பாருங்கள். வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கணக்குப் புரிந்து முகம் மலர்கிற அந்த நொடியா? நாலு பேர் முன்னால் நின்று கோவையாகப் பேசுவதா? பின்தங்கிய ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துத் தேற்றுவதா? பாடத்தை நன்றாகத் தயாரித்துக்கொண்டு போகும் திருப்தியா? நினைவில் நிற்கும் ஐந்து நாள்களை எழுதி, ஒவ்வொன்றிலும் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று வினைச்சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். திரும்பத் திரும்ப வரும் வினை எதுவோ, அதுதான் போகாமல் இருப்பது.

தேற்றுவது என்று வந்தால், அதற்குப் பள்ளி தேவையில்லை. எழுதப் படிக்கத் திணறும் ஒரே ஒரு ஆள் போதும், பிள்ளையோ பெரியவரோ. வாரத்துக்கு இரண்டு நாள், 40 நிமிடம், ஒரே ஆளோடு தொடங்குங்கள். பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வகுப்பே நடத்தத் தோன்றும், பழக்கம் அப்படி. முதல் இரண்டு மாதம் வேண்டாம். வகுப்பு என்று ஆனால் வருகைப் பதிவும் நேர அட்டவணையும் வந்துவிடும், அவை உங்களுக்குப் பிடித்தவையா என்று இன்னும் பார்க்கவில்லையே. எட்டு வாரம் ஆனதும் அந்த ஆள் எப்படி வாசிக்கிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.